வழக்கில் வென்றும் முதலிலிருந்து

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், சொத்துப் பத்திரம் என்றுதான் வரும். நடுநடுவே, ஆஸ்திரேலியாவில் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களின் காகிதங்களும் வரும். இங்கே இருக்கும் அக்காவோ சித்தப்பாவோ யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்துக் கொண்டுவருவார்கள். கிராம சேவையாளர் கடிதம், சமாதான நீதவான் முன்னால் கையெழுத்திட்ட சத்தியக் கடதாசி (பிரமாணப் பத்திரம்), மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டின் நகல்.

"மறுத்த பிறகும் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்குப் போய் இழுத்தடிக்கிறார்கள்" என்று நம்மவர்களே காப்பிக்கடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மனசு கொதிக்கும். அந்தக் கோப்புகளைப் பக்கம் பக்கமாகப் படிப்பவன் என்பதால் சொல்கிறேன், அந்த வழியே அப்படித்தான் சுற்றிச் சுற்றிப் போகிறது.

அங்கே நீதிமன்றம் ஒருவர் அகதியா இல்லையா என்று முடிவு செய்வதில்லை. விண்ணப்ப மறுப்பை மறுஆய்வு செய்யும் தீர்ப்பாயம் சட்டப்படி நடந்துகொண்டதா என்பதுதான் அதன் கேள்வி. அவர் சொன்ன முக்கியமான விஷயம் எதையாவது பார்க்காமல் விட்டார்களா? பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்களா? 'உங்களை நம்பவில்லை' என்பதைத் தீர்ப்பாயம் முறையாக எழுதியிருந்தால், 'நானாக இருந்தால் நம்பியிருப்பேன்' என்பதற்காக நீதிபதி அதை மாற்ற முடியாது. முடிவு வந்த 35 நாளுக்குள் மனுப் போட வேண்டும். அமைச்சரின் அனுமதி இல்லாமல் புதிதாக இன்னொரு அகதி விண்ணப்பமும் கொடுக்க முடியாது. நீதிமன்றத்தை விட்டால் வேறு எங்கே போவார்கள்?

சரி, வழக்கில் வென்றால்? விசா வராது. பழைய முடிவு ரத்தாகும், கோப்பு மறுபடி தீர்ப்பாயத்துக்கே போகும். அங்கே மறுபடியும் மறுக்கலாம். அப்புறம் மறுபடி நீதிமன்றம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே ஆள் நாலைந்து வழக்குப் போட்டது போலத் தெரியும்.

சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்குத் தவறாமல் போகும் ஓர் அக்கா, தன் தம்பியின் தீர்ப்பை எடுத்துக்கொண்டு வந்தார். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன்.) மேசையில் விரித்து, முதல் பக்கத்தில் விரலால் வரிவரியாகத் தேடினார். தம்பியின் பெயர் எங்கேயும் இல்லை. சில எழுத்துகளும் ஓர் எண்ணும்தான். "இது வேற ஆற்றையோ வழக்கை மாறி அனுப்பிப்போட்டினமோ தம்பி?" என்று பதறிவிட்டார். அகதி வழக்குகளில் அவர்கள் பாதுகாப்புக்காகப் பெயரை வெளியிடக் கூடாது என்பது அங்கே சட்டம் என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அடுத்த கேள்வி. "வழக்கு வெண்டாச்சு எண்டுதானே லோயர் சொன்னவர். பிறகேன் திரும்பவும் முதல்ல இருந்து விசாரணை?"

இந்த வழக்குகளில் என்னை மிகவும் உறுத்துவது காலம்தான். மறுவிசாரணையில், விண்ணப்பித்தவர் படகேறிய அன்று ஆபத்து இருந்ததா என்பதோடு நிற்க மாட்டார்கள். இன்றைக்குத் திருப்பி அனுப்பினால் ஆபத்தா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். போர் 2009இல் முடிந்தது, ஆட்சிகள் மாறின, ஆஸ்திரேலிய வெளியுறவுத் துறையின் நாட்டு நிலவர அறிக்கையும் மாறிக்கொண்டே வருகிறது. தீர்ப்பாயம் செய்த பிழையைத் திருத்தவே வருடங்கள் ஓடிவிடும். அந்த வருடங்களே அவருக்கு எதிராகத் திரும்புவது எந்த வகையில் நியாயம்?

எல்லாக் கோரிக்கையும் வலுவானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவின் பிலோயிலா என்ற ஊரில் வாழ்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பெற்றோரின் கோரிக்கை எல்லாப் படியிலும் தோற்றது. 2019 ஆகஸ்ட்டில் விமானத்தில் ஏற்றியே விட்டார்கள். அது வானில் இருக்கும்போது நீதிமன்றத் தடை வந்து டார்வினில் இறக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த இளைய குழந்தையின் விஷயத்தில் நடைமுறை நியாயமாக இல்லை என்று 2020 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது, 2021 பிப்ரவரியில் முழு அமர்வும் அதை உறுதி செய்தது. அப்போதும் நிரந்தர விசா வரவில்லை. 2022இல் ஆட்சி மாறிய பிறகு, ஆகஸ்ட்டில், அமைச்சர் கொடுத்ததுதான்.

சிங்கப்பூரில் இதெல்லாம் புரியாமல் போவதில் வியப்பில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் சேரவில்லை. செம்பவாங் ஹாக்கின்ஸ் ரோடு முகாமில் 1996 வரை வியட்நாமியர்களைத் தங்கவைத்ததும், வேறொரு நாடு அழைத்துக்கொள்ளும் என்ற உறுதியின் பேரில்தான். மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போவது என்ற நடைமுறையை நாம் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

அக்கா இப்போது மறுவிசாரணைக்குக் காகிதம் சேர்க்கிறார். முதல் கடிதம் கொடுத்த கிராம சேவையாளர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவருக்குத் தம்பியைத் தெரியாது. பழையவரையே தேடிப்பிடித்து, அன்று எழுதியது உண்மைதான் என்று ஒரு சத்தியக் கடதாசி வாங்க முடியுமா என்று ஆஸ்திரேலியாவில் உள்ள வழக்கறிஞரிடம் கேட்கச் சொன்னேன். அவரும் நல்லது என்றாராம். ஊரில் மச்சான் ஒருவர் இந்த வாரம் அந்தப் பழைய கிராம சேவையாளர் வீட்டுக்குப் போகிறார். கடதாசி கைக்கு வந்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் செய்யப்போகிறேன்.