அடுத்த ஜூலைக்கான பாடத்தை இப்போதே எழுதுகிறோம்

தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிப்பவர்களுக்காக நான் முதன்முதலில் எழுதிய கணக்குப்பதிவியல் பாடத்தில், ஓர் இருப்பாய்வுக் கணக்கின் (டிரயல் பேலன்ஸ்) பற்று, வரவு இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. 6,540 என்று இருக்க வேண்டிய இடத்தில் 5,640 என்று அச்சாகிவிட்டது. நேரடி வகுப்பாக இருந்திருந்தால் முன்வரிசையில் யாராவது கை தூக்கியிருப்பார்கள், கரும்பலகையில் அழித்து எழுதியிருப்பேன், அரை நிமிட வேலை. இங்கே அது புத்தகமாகி, பார்சலாகி, ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாணவர்களை நேரில் சந்திக்கும் ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்பில், ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிற ஒரு மாணவர் நோட்டை நீட்டினார். "மூணு ராத்திரி போட்டுப் பாத்துட்டேன் மேடம், 900 ரூபா இடிக்குது. நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன்." வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று அதே அலகில் எழுதியிருந்தது நான்தான். அதை வைத்துக்கொண்டு அவர் தன் நோட்டை வரிவரியாகத் தேடியிருக்கிறார். புத்தகத்தில் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது மனசே சரியில்லை.

தவறு எப்படி வந்தது என்பதில் ரகசியம் எதுவும் கிடையாது. மார்ச்சில் பாடத்திட்டம் முடிவானது, ஜூலையில் சேர்க்கை. இடையில் ஏப்ரல், மே முழுக்க விடைத்தாள் திருத்தும் பணி. எழுதியது, தட்டச்சு செய்தது, மெய்ப்புப் பார்த்தது எல்லாம் மீதி இருந்த நாட்களில். மெய்ப்பு ஒரே தடவை, அதையும் எழுதிய நானே பார்த்தேன். எழுதியவர் கண்ணுக்குத் தான் எழுத நினைத்ததுதான் தெரியும், தாளில் இருப்பது தெரியாது.

அப்புறம் பாடத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஜூலையிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணத் தொடங்கினேன். புத்தகம் ஜூனில் கட்டி அனுப்பத் தயாராக வேண்டும் என்றால் மே மாதம் அச்சகத்தில் இருக்க வேண்டும், அதற்கு முன் இரண்டு மெய்ப்பு, அதற்கும் முன் பாடப் பதிப்பாசிரியரும் மொழி பார்ப்பவரும். பழைய குறிப்புகளைப் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. இப்போது பொதுவாகப் பயன்படும் யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதையும், அதைச் சரிசெய்யவும் நாள் வேண்டும். இப்படி எண்ணிக்கொண்டே போனால், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நமக்கு எழுதித் தரும் ஆசிரியர்களிடம் முதல் வேண்டுகோள் முந்தைய ஆண்டு ஜூன், ஜூலையிலேயே போயாக வேண்டும். கணக்குகளை மட்டும் எழுதியவர் அல்லாத ஒருவர், அச்சு மெய்ப்பைப் பார்த்துக் கையால் போட்டு விடை எடுக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொரு கணக்கையும் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவேன். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் பாடம் 120 மணி நேரம், ஒரு பருவத்துக்கு ஐந்து பாடம் என்றால் 600. ஆறு மாதத்தில் லீவே இல்லாமல் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல். இரவு ஒன்பதரைக்குக் கடை சாத்திவிட்டு வீட்டுக்கு வருகிறவர் எங்கே போவார் அந்த நேரத்துக்கு? அதனால் ஓர் அலகில் வளவளவென்று இரண்டு பக்கம் கூடினாலும் அது அவர் தூக்கத்திலிருந்து எடுத்தது. வெட்டிச் சுருக்குவதற்குத்தான் உண்மையில் அதிக நாள் பிடிக்கிறது, எழுதுவதற்கு அல்ல.

முன்கூட்டியே தயாரிப்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. வாட் வரி பற்றி விரிவாக எழுதி அச்சுக்கும் போய்விட்ட ஓர் அலகு, 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் பெரும்பகுதி பயனில்லாமல் போனது. அதைக் காட்டி "இதுக்குத்தான் கடைசியில எழுதணும்" என்று சிலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. அடிப்படைக் கருத்து நிற்கட்டும், மாறக்கூடிய வரி விகிதங்களையும் வரம்புகளையும் தனி இணைப்புத் தாளில் போடுவோம் என்று முடிவெடுத்தோம். பிப்ரவரி 1 பட்ஜெட் முடிந்து மாற்றங்கள் உறுதியானதும் அந்தத் தாளை மட்டும் புதிதாக அடித்தால் போதும், புத்தகத்தைத் தொட வேண்டாம்.

சரி, இந்த முறை நிலவரம்: பதினாறு அலகில் பதினொன்று வந்துவிட்டது. மீதி ஐந்தை எழுத வேண்டிய மூன்று பேர் இன்னும் தரவில்லை, அதில் ஒருவருக்கு அடுத்த வாரம் அகமதிப்பீட்டுத் தேர்வுப் பணி ஆரம்பித்துவிடும். அதற்குள் இன்று சாயங்காலமே போன் பண்ணிவிட வேண்டும்.