முள்ளைத் தட்டிப் பார்ப்பது

என் அப்பா குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பிரிவில் வேலை பார்த்தார். வெப்ப மீட்டரைப் படிக்கும் முன் அதன் கண்ணாடியை விரல் நகத்தால் இரண்டு முறை தட்டுவார். முள் ஒரு நூலளவு நகர்ந்து நின்ற பிறகுதான் எண்ணை நோட்டில் குறிப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "முள்ளு சோம்பேறிப்பா, எழுப்பலன்னா அங்கேயே நிக்கும்" என்றார். பல ஆண்டுகள் கழித்து, சமவெளியில் ஒரு பயிற்சி விமானத்தில் முதன்முதலாக உட்கார்ந்தபோது, என் இன்ஸ்ட்ரக்டர் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரின் கண்ணாடியை அப்படியே தட்டியதைப் பார்த்தேன்.

அந்த விமானத்தில் ஆறு வட்ட மீட்டர்கள்: வேகம், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம், உயரம், திருப்பம், திசை, ஏறும் இறங்கும் வேகம். இவற்றில் அடிவானத்துக்கும் திசைக்குமான கைரோக்களை, அதாவது சுழன்றபடி நிலைமாறாமல் நிற்கும் சக்கரங்களை, எஞ்சினோடு இணைந்த வேக்வம் பம்பு இழுக்கும் காற்று சுழற்றும். திருப்பம் காட்டும் கருவி மட்டும் மின்சாரத்தில் ஓடும். பம்பு பழுதானால் மணி அடிக்காது, விளக்கு எரியாது. கைரோவின் சுழற்சி சில நிமிடங்களில் மெல்ல மெல்லக் குறைய, செயற்கை அடிவானம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். மேகத்துக்குள் இருக்கும் விமானி அதை நம்பி, சாயாத விமானத்தைத் தானே சாய்ப்பார். ஒரு மார்கழிக் காலையில், பனிமூட்டத்தில் தரை மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தபோது, நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இன்ஸ்ட்ரக்டர் எதுவும் பேசவில்லை, பம்பின் இழுவிசையைக் காட்டும், 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் நிற்க வேண்டிய சக்‌ஷன் மீட்டரின் முள் அடியில் கிடப்பதை விரலால் சுட்டிக்காட்டினார். அன்றிலிருந்து எந்த மீட்டரையும் இன்னொரு மீட்டரைச் சாட்சிக்கு அழைக்காமல் நான் நம்பியதில்லை. திசை காட்டும் கைரோ பொதுவாகவே தடம் விலகும் என்பதால், 15 நிமிடங்களுக்கு ஒரு முறை காந்தத் திசைகாட்டியைப் பார்த்து அதைத் திருத்த வேண்டியிருந்தது. எரிச்சலான வேலைதான், ஆனால் அந்தக் காலத்து மாணவனுக்குச் சந்தேகப்படுவதைத் தனிப்பாடமாக நடத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

2004-ஐ ஒட்டிச் சிறிய விமானங்களிலும், இந்த மீட்டர்களையெல்லாம் ஒன்றாகக் காட்டும் கார்மின் ஜி1000 போன்ற மின்னணுத் திரைகள் வரத் தொடங்கின. நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு அவை வந்தபோது, முதல் ஒரு மாதம் மாணவர்களைவிட நான்தான் தடுமாறினேன். முள் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை வைத்தே வேகத்தை உணர்ந்து பழகிய கண்ணுக்கு, நாடாபோல் மேலும் கீழும் ஓடும் எண்களை ஒவ்வொரு முறையும் வாசித்தாக வேண்டியிருந்தது. ஆனாலும் பழையதுதான் உசத்தி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேட்டுப்பாளையத்துக்கு வடக்கே திடீரென எழுந்து, தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் வரை போகும் இந்த மலைச்சுவர் மேகத்தில் மறைந்திருக்கும் நாளில், நம் உயரத்துக்குக் கீழே 100 அடிக்குள் வரும் தரையையும் அதற்கு மேலே நிற்கும் தரையையும் சிவப்பாகவும், 1,000 அடி வரை உள்ளதை மஞ்சளாகவும் காட்டும் படம் எங்கள் காலத்தில் இல்லாமல் போனதே என்று நினைத்திருக்கிறேன். கருவி கெட்டால் அந்த இடத்தில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழுந்துவிடும். தன் பழுதைத் தானே ஒப்புக்கொள்ளும் கருவி அது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2002 முதல் 2006 வரை தயாரான 8,000-க்கும் மேற்பட்ட சிறிய விமானங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு அதனால்தான் என்னை யோசிக்க வைத்தது: திரை உள்ளவற்றில் மொத்த விபத்து விகிதம் குறைவு, உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளின் விகிதமோ அதிகம். அவை நீண்ட தூரம், மோசமான வானிலையில் பறந்தவை என்பதும் ஒரு காரணம்.

எனக்குப் புரிந்த இன்னொரு காரணத்தை ஒரு மாணவர்தான் காட்டினார். கெட்டிக்காரர், பழுதானதுபோலத் திரையின் வெளிச்சத்தை நான் குறைத்து இருட்டாக்கினால், நொடியில் சிவப்புப் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் அடுத்த திரைக்குக் கொண்டுவந்துவிடுவார். ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை அளந்துதான் உயரத்தைக் காட்டும் என்பதால், அன்றைய அழுத்தத்தை அதில் நாம்தான் வைக்க வேண்டும். ஒரு கோடை மாலையில் இறங்கி வரும்போது, கட்டுப்பாட்டுக் கோபுரம் காற்றழுத்தம் 1008 என்றது. "1008" என்று சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, கை 1018 என்று வைத்தது. அழுத்த அலகான ஹெக்டோபாஸ்கல் ஒன்றுக்கு ஏறத்தாழ 27 அடி என்பதால், திரை காட்டிய உயரத்தைவிட நாங்கள் 270 அடி தாழ்வாக இருந்தோம். கீழே இருந்த மாற்று ஆல்டிமீட்டர், அந்த ஒரே ஒரு பழைய வட்டம், உண்மையைக் காட்டிக்கொண்டிருந்தது. சிவப்புக் குறி எதுவும் விழவில்லை, ஏனென்றால் கருவிக்குப் பழுதில்லை. ஓடுதளத்துக்கு இணையாகப் பறக்கும் வரை நான் வாய் திறக்கவில்லை. தற்செயலாக வெளியே பார்த்தவர், "சார், தென்னை மரமெல்லாம் ஏன் இவ்வளவு பெரிசாத் தெரியுது?" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் கண் அந்த வட்டத்துக்குப் போனது. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. தன் குற்றத்தை உடனுக்குடன் ஒப்புக்கொள்ளும் திரை, நம் குற்றத்தையும் சொல்லிவிடும் என்று நம்பத்தான் செய்வார்கள்.

இப்போது குன்னூரில் என் வீட்டு ஜன்னல் திட்டில், காயலான் கடையில் வாங்கிய ஓர் ஆல்டிமீட்டர் இருக்கிறது. விடுமுறையில் பாடம் கேட்க வரும் பிள்ளைகள், கடல் மட்டத்திலிருந்து வீடு இருக்கும் உயரம் வரும் வரை அதன் திருகைத் திருப்பிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் முள் பின்னோக்கி ஓடுவதைப் பார்க்கப் பக்கத்து இருக்கைக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்களாம். போன வாரம் போன பெண் கீழே இறங்கியதும் போனில் அழைத்தாள்: "சார், இது ஜிபிஎஸ் காட்டுறதைவிட 300 அடிக்கு மேல அதிகமாக் காட்டுது, கெட்டுப்போச்சு போலருக்கு." கண்ணாடியைத் தட்டினாயா என்று கேட்டேன். தட்டினாளாம், நகரவில்லை. கீழே வெயில் எப்படி, மணி என்ன, காலையில் வைத்த அழுத்தம் இப்போதும் அப்படியே இருக்குமா என்று கேட்டதும், பஸ் நிலையத்து இரைச்சலுக்கு நடுவே சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "ஒரு நிமிஷம் சார், நோட்டு எடுத்துக்கிறேன்" என்றாள்.