ரஜூலா வந்த துறைமுகம்

ஜூலை 11

மருத்துவர் கடைசியில் சம்மதித்தார். மலேசியாவின் பினாங்குக்குக் கப்பல் பயணம் போகலாம், ஆனால் படி ஏறக்கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், கணுக்கால் வீங்கினால் அன்றைக்கே நீர்மாத்திரையைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை.

ஜூலை 14

கப்பல் நிறுவனம் அனுப்பிய கரைச்சுற்றுலாப் பட்டியலைப் படித்து முடித்தேன். பினாங்கில் இறங்கும் பேருந்துகள் எல்லாமே கெக் லோக் சீ புத்தர் கோயிலுக்கும் பினாங்கு மலைக்கும்தான் போகின்றன. அவை பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் அம்மா ஏழு வயது வரை வாழ்ந்த வீதிகளில் பேருந்து நுழையவே நுழையாது. நுழைந்தாலும் ஒருத்திக்காக ஒரு வாசலில் நிற்காது. ஆகவே உள்ளூர் ஓட்டுநர் ஒருவரைத் தனியாக அமர்த்திக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அதில் ஒரே ஒரு கவலை இருக்கிறது. அது இன்று முழுவதும் என்னை விடவில்லை. கப்பலின் சொந்தச் சுற்றுலாப் பேருந்து நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. மாலை ஐந்து மணிக்குப் புறப்பாடு என்றால் நான்கு மணிக்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தவறவிட்டவர் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் வந்து சேர வேண்டியதுதான். நான் தனியாக இருந்தால் அதையும் சமாளிப்பேன். அம்மாவின் மாத்திரைகள் கப்பல் அறையில் இருக்கும்போது அது நடந்தால் என்ன செய்வேன்? ஆகவே இரண்டு நாள் மாத்திரைகள் எப்போதும் என் கைப்பையில் இருக்க வேண்டும். அதை இப்போதே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 15

ஓட்டுநருடன் பேசினேன். எந்தெந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "அம்மாவால் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் தேதியைக் கேட்டார். பழைய படம் ஏதாவது இருந்தால் முன்னும் பின்னும் ஒளிப்படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

ஜூலை 16

வீக்கம் இல்லை.

ஜூலை 19

படத்தை அனுப்பிவிட்டேன். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா அவர் முழங்காலைப் பிடித்தபடி நிற்கிறார். பின்னால் அருவி வரைந்த திரை. படத்தின் பின்புறத்தில் தாத்தாவின் கணக்கப்பிள்ளைக் கையெழுத்தில் ஒரு கதவெண்ணும் மார்க்கெட் வீதி என்ற பெயரும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் அம்மா பிறந்த வீடு.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா ரஜூலா கப்பலைப் பற்றிப் பேசினார். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம் மக்களை ஏற்றிக்கொண்டு போயும் வந்தும் இருந்தது. பெரும்பாலானோர் மேல்தளத்தில் பாய் விரித்து வந்த பயணிகள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும், படகில்தான் இறங்கி வர வேண்டும். அந்தப் படகில் இறக்கியபோது தன் ஒரு செருப்பு கடலில் விழுந்ததை அம்மா இன்றும் வருத்தத்தோடு சொல்கிறார். ரஜூலாவுக்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பலில் 1985இல் தீப்பிடித்தது. அத்தோடு அந்த வழியில் பயணிகள் போக்குவரத்தே நின்றுபோனது. அதனால்தான் பினாங்குக்குக் கடல்வழியாகப் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். விமானத்தில் போனால் அது வேறு ஊராகத் தெரியும் என்கிறார்.

ஜூலை 22

தம்பி தொலைபேசியில் கத்தினான். நான் பதில் பேசவில்லை.

ஜூலை 24, புதன்

சிங்கப்பூரில் ஏறிவிட்டோம். அம்மாவை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கரை விலகியபோது அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் அவருடைய கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 25, வியாழன்

போர்ட் கிள்ளான். இறங்கவில்லை. நாளைக்காக அம்மா படுத்தே இருந்தார். ஓட்டுநர் நாளைய ஒழுங்கை எழுதி அனுப்பியிருக்கிறார். நாளை ஆடி வெள்ளி என்பதால் மாரியம்மன் கோயிலில் கூட்டம் இருக்குமாம். பகல் ஒரு மணித் தொழுகைக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றி வண்டி நகராதாம். ஆகவே பழைய வீதிகளை வெயிலுக்கும் தொழுகைக்கும் முன்னால் முடித்துவிட்டு, பிறகு நிழலான இடத்துக்குப் போகலாம் என்கிறார். மலைக்குப் போக முடியுமா என்று நான் கேட்டிருந்தேன். 1923 முதல் இழுவை ரயில் ஓடும் மலை அது, நானும் பார்க்க ஆசைப்பட்டேன். "மேலே ஏறுவது நம் கையில் இருக்கிறது, இறங்குவது வரிசையின் கையில் இருக்கிறது" என்று பதில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும் என்ற நம்பிக்கை வந்தது.

ஜூலை 26, வெள்ளி

காலை உணவு முடிவதற்குள் கப்பலை ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டிவிட்டார்கள். பினாங்கின் பெரிய வசதி இதுதான்: சில நாடுகளில் துறைமுகத்திலிருந்து ஊருக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும், இங்கே முனையத்தை விட்டு வெளியே வந்தால் ஊரே எதிரில் நிற்கிறது. ஓட்டுநர் அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதிய அட்டையோடு நின்றார். என்னைவிட மூத்தவர், மெலிந்தவர், கழுத்தில் வழிகாட்டி அடையாள அட்டை. வணக்கம் சொன்னதும் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, "கப்பல் நேரமும் எங்கள் நேரமும் ஒன்றுதான், மூன்று மணிக்கு உங்களை இங்கே இறக்கிவிடுவேன்" என்றார். நான் கேட்கும் முன்பே சொன்னார்.

முதலில் மணிக்கூண்டு. விக்டோரியா அரசியின் அறுபதாம் ஆட்சியாண்டான 1897இன் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபதடி உயரத்தில் எழுப்பியது. போர்க்காலக் குண்டுவீச்சில் சற்றே சாய்ந்துவிட்டது என்று சொல்கிறார்கள்; வண்டிக்குள்ளிருந்து பார்க்கும்போது அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரிகிறது. அம்மா அதைப் பார்த்ததாக நினைவில்லை என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை தூரம் வந்து அவருக்கு எதுவுமே நினைவில்லாமல் போய்விட்டால் என்ன செய்வது?

மார்க்கெட் வீதியில் அந்தக் கதவெண்ணுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். கீழே துணிக்கடை. அம்மா இறங்கி நின்று மேலும் கீழும் பார்த்தார். "இது இல்லை" என்றார். நான் படத்தின் பின்புறத்தைக் காட்டினேன். அவர் மறுபடியும் "இது இல்லை" என்றார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. அவரை வண்டிக்குள் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன், அதுவும் அளந்துதான்.

ஓட்டுநர் அவசரப்படவில்லை. வண்டியை நிழலுக்கு நகர்த்திவிட்டு, பின்பக்கம் திரும்பி, வீட்டின் சன்னலிலிருந்து என்ன தெரியும் என்று கேட்டார். மாரியம்மன் கோயில் கோபுரம் தெரியும் என்றார் அம்மா. "கோபுரத்தின் முகம் தெரியுமா, முதுகு தெரியுமா அம்மா?" என்று அவர் கேட்டபோது நான் வியந்துபோனேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். காலையில் பொம்மைகளின் முகத்தில் வெயில் படும், தான் பல் தேய்த்தபடி அவற்றை எண்ணுவதுண்டு என்றார். "அப்படியானால் நீங்கள் கிழக்கே இருந்திருக்கிறீர்கள்" என்றார் அவர். 1833இல் கட்டிய அந்தக் கோயிலின் வாசல் குயின் வீதியில், கடல் இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து இருக்கிறது. பின்புறம் பழைய பிட் வீதியைத் தொடுகிறது. முகம் தெரிய வேண்டுமென்றால் வீடு குயின் வீதிக்குக் கடல் பக்கமாக இருக்க வேண்டும். அடுத்த வீதி கிங் வீதி. அதன் சன்னல் மேற்கே திறந்திருக்க வேண்டும். அப்போது அம்மா தானாகவே, மூலையில் நாகூராண்டவர் தர்கா இருந்தது, வியாழக்கிழமை இரவில் சாம்பிராணி மணக்கும் என்றார். சூலியா வீதியும் கிங் வீதியும் சந்திக்கும் மூலையில்தான் அந்தத் தர்கா இருக்கிறது. படத்தின் பின்புறத்தில் இருந்தது தாத்தா வேலை பார்த்த கடையின் முகவரி. கடிதம் வர வேண்டிய இடத்தை அவர் எழுதியிருக்கிறார், குடியிருந்த இடத்தை அல்ல.

கிங் வீதியில் அம்மா என் கையை விட்டுவிட்டார். வீடுகளின் முன்னால் மாடிக்கு அடியில் ஓடும் ஐந்தடி நடைபாதையின் தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். ஓட்டுநர் எதிர்க் கடையில் கேட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நடந்தார். அம்மா நின்ற இடத்தில் அதைப் போட்டார். எதிரே ஒட்டியபடி இரண்டு வீடுகள், இரண்டும் மூடியிருந்தன. ஒன்றின் மேல் சீன எழுத்தில் ஏதோ சங்கத்தின் பலகை. தூணில் வெள்ளைச் சுண்ணம் உரிந்த இடத்தில், அதற்கு அடியில் நீலச் சுண்ணம் தெரிந்தது. அம்மா பெருவிரலால் அந்த ஓரத்தைச் சுரண்டினார். விரலில் நீலப்பொடி ஒட்டியது. நீலம்தான், எங்கள் வீடு நீலம்தான் என்றார். ஆனால் இரண்டில் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் வீதி முழுக்கவே நீலமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

ஏன் யாருமே குடியில்லை என்று நான் கேட்டேன். ஓட்டுநர் நீளமாகப் பேசியது அப்போதுதான். போருக்கு முந்தைய வீடுகளுக்கு வாடகையை உயர்த்த முடியாதபடி 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காத்துவந்தது. அதனால் சிறு வேலைக்காரர்களும் பூக்காரர்களும் தட்டாசாரிகளும் தலைமுறை தலைமுறையாக மாடிகளில் குடியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்த அன்றோடு அந்தக் காப்பு போயிற்று. வாடகை ஏறியது, குடும்பங்கள் வெளியேறின. அவருடைய குடும்பமும் அப்படி வெளியேறியதுதான். அவர் அம்மா அடுக்குமாடி வீட்டுக்குப் போனபின் கோயில் மணி கேட்காமல் தவித்தாராம். 2008இல் யுனெஸ்கோ இந்த வீதிகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது சுவர்கள் பிழைத்துக்கொண்டன. அதை அவர் கசப்பில்லாமல்தான் சொன்னார். சுவராவது இருப்பதால்தானே உங்கள் அம்மாவைக் கூட்டிவர முடிந்தது என்றார். எனக்கு அது போதவில்லை. மனிதர்களை வெளியேற்றிவிட்டு வாசலைக் காப்பாற்றுவது பாதிக் காரியம் என்றே நினைக்கிறேன்.

கோயிலில் கூட்டம் நெருக்கியது. உள்ளே போகாமல் வாசலில் நின்றே அம்மா கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, அம்மனுக்கு முதுகைக் காட்டுகிறோமே என்றுகூட எண்ணாமல், திரும்பிக் கிங் வீதிக் கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு வீதிகளை விட்டோம். தண்ணீர்மலை அடிவாரத்தைக் கடந்து, 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மரநிழலில் வண்டியை நிறுத்தினார். அம்மா பின்னிருக்கையில் உறங்கினார். நான் குரங்குகளிடமிருந்து மாத்திரைப் பையைக் காத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் முன்பாகவே துறையில் இறக்கிவிட்டார். பேசிய தொகைக்கு மேல் கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை.

இரவு: இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருக்கின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது.

ஜூலை 27, சனி

ஃபூக்கெட். இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நீர்மாத்திரையை எந்தக் கடிகாரப்படி கொடுப்பது என்று குழம்பாமல் இருக்கப் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டேன். கப்பல் மருத்துவர் பார்த்தார். ஊர் போய்ச் சேர்ந்ததும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஜூலை 28, ஞாயிறு

விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பி, மாடிப்படி வீட்டுக்குள்ளே இல்லை என்றார். நடைபாதையிலேயே தனியாகச் சிறிய கதவு இருந்தது, அதைத் திறந்தால் நேராகப் படிதான், கீழ்வீட்டார் வழியாகப் போக வேண்டியதில்லை என்றார். நான் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் தூண் மறைக்கிறது. ஓட்டுநருக்கு எழுதி அனுப்பினேன். கடலில் சமிக்ஞை இல்லை.

ஜூலை 29, திங்கள்

சிங்கப்பூரில் இறங்கியதும் செய்தி போய்ச் சேர்ந்தது. தம்பி விமான நிலையத்துக்கு வருகிறான்.

ஜூலை 31

வீக்கம் இடது காலில் மட்டும் சற்றுக் குறைந்திருக்கிறது. தம்பி அம்மாவிடம் பினாங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவே படங்களைக் காட்டினார். அவன் நீலத் தூணை நெடுநேரம் பார்த்தான்.

ஆகஸ்ட் 1

பதில் வந்துவிட்டது. சங்கப் பலகை இருக்கும் வீட்டுக்கு அடுத்ததில்தான் நடைபாதையோடு ஒட்டிய சிறிய கதவு இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது என்று படத்தோடு எழுதியிருக்கிறார். இரண்டு வீடுகளுமே சங்கத்துக்கு உரியவையாம். சாவி வைத்திருக்கும் காவலர் ஞாயிறு காலை வருவாராம். கேட்டுப் பார்க்கிறேன், விட்டால் மேலே போய் வருகிறேன் என்கிறார். அம்மா ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னார்: பின் சன்னலைத் திறந்து, கோபுரம் இன்னும் தெரிகிறதா, நடுவில் ஏதாவது கட்டிடம் வந்துவிட்டதா என்று அவர் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 2

எக்கோ எடுத்தார்கள். இன்றே சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். தம்பி பணம் கட்டப் போயிருக்கிறான். அம்மாவின் கைபேசியை அவர் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை சன்னலருகே நின்று நேராக அம்மாவையே அழைக்கும்படி ஓட்டுநருக்கு எழுதினேன். அங்கே பத்து மணி என்றால் இங்கே ஏழரைதான், மருத்துவர் சுற்றுக்கு வருவதற்கு முன்பே பேசிவிடலாம் என்பதையும் சேர்த்து எழுதினேன்.