இலவசமாகக் கொடுக்கப் பதினான்கு மாதம்

சித்தப்பா இறந்தபோது அவர் சேர்த்து வைத்திருந்த 31 படங்கள் என் பொறுப்புக்கு வந்தன. பெரும்பாலும் அச்சோவியங்கள், கொஞ்சம் பென்சில் கோட்டோவியங்கள். விற்க மனமில்லை, ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சும்மா கொடுப்பதை யார் வேண்டாம் என்பார்கள்?

அவர்கள் முதலில் கேட்டது படங்களைப் பற்றியே இல்லை. யாரிடம் வாங்கினார், அவருக்கு முன் யாரிடம் இருந்தது, ரசீது உண்டா? திருடனை விசாரிப்பதுபோல் இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. நாஜிகள் பறித்த ஓவியங்களை அருங்காட்சியகங்கள் இன்றும் வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. நாஜி ஆட்சி நடந்த 1933 முதல் 1945 வரை எங்கே இருந்தது என்று தெரியாத ஐரோப்பியப் படம் என்றால் யாருமே தயங்குவார்கள். நல்லவேளை, சித்தப்பா எதையும் தூக்கிப்போடாத மனிதர். ரசீதுகள் ஒரு செருப்புப் பெட்டிக்குள் கிடந்தன.

அப்புறம் அருங்காட்சியகத்தின் தொகுப்பைக் கவனிக்கும் காப்பாட்சியர் வந்தார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு தாளின் மடிப்பையும் கறையையும் குறித்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்துக் குழுவின் முடிவு வந்தது: ஒன்பது போதும். மற்றவற்றுக்கு நிகரானவை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கின்றனவாம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. 1894-இல் இறந்த பிரெஞ்சு ஓவியர் காய்போத், மோனே, ரெனுவார், செசான் போன்ற ஓவியர்களின் 60-க்கும் மேற்பட்ட படங்களைப் பிரெஞ்சு அரசுக்கு உயில் எழுதி வைத்திருந்தார். அரசு எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 40-தான். அதைப் படித்தபின் கொஞ்சம் ஆறுதல்.

பெரிய இழுபறி கொடைப் பத்திரத்தில்தான். 'எப்போதும் சுவரில் இருக்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனை எழுதியிருந்தேன். காப்பாட்சியர் சிரிக்கவில்லை. தாளில் உள்ள படங்களைத் தொடர்ந்து வெளிச்சத்தில் வைத்தால் மங்கிவிடும், சில மாதம் காட்டிவிட்டு நீண்ட காலம் இருட்டில் வைக்க வேண்டும் என்றார். நிபந்தனை போட்டாலும் நிற்கும் என்பதில்லை. தன் படங்களை மாட்டிய இடத்திலிருந்து அசைக்கக் கூடாது என்று ஆவணமே எழுதினார் அமெரிக்க ஓவியச் சேகரிப்பாளர் ஆல்பர்ட் பார்ன்ஸ். அவர் 1951-இல் இறந்தார். பணமுடை, வழக்கு எல்லாம் கடந்து 2012-இல் அந்தத் தொகுப்பு பிலடெல்பியா நகருக்குள் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. சரி என்று என் வரியை அடித்தேன். பதிப்புரிமை என் கையில் இல்லை, அது ஓவியர்களின் வாரிசுகளுடையது என்பதும் அந்த மேசையில்தான் தெரிந்தது.

கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார்கள். படத்தோடு சிறு தொகையும் கொடுக்க முடியுமா? அமிலமில்லாத அட்டை, பெட்டி, ஈரப்பதத்தைச் சீராக வைக்கும் எந்திரத்தின் மின்கட்டணம். பெயர்ப் பலகை வைக்கக்கூடிய கூடத்துக்குப் பணம் தர ஆள் இருக்கிறதாம், பெட்டிக்குத்தான் இல்லையாம். கொடுத்தேன். எனக்கு இதுதான் உருப்படியான கொடையாகத் தோன்றியது.

கையெழுத்திட்ட அன்று என் மகளும் வந்திருந்தாள். இளம் ஆதரவாளர் குழு ஒன்று இருக்கிறது, சேர்கிறாயா என்று கேட்டார்கள். பணக்காரர்கள் கோப்பையோடு நிற்கும் கூட்டம்தானே என்றாள், அவர்கள் எதிரிலேயே. காப்பாட்சியர் வோகல் தம்பதியைப் பற்றிச் சொன்னார். ஹெர்பர்ட் அஞ்சல் ஊழியர், டோரதி நூலகர். டோரதி சம்பளத்தில் சாப்பாடு, ஹெர்பர்ட் சம்பளத்தில் ஓவியம் என்று நியூயார்க்கின் ஒரு சிறு வீட்டில் ஆயிரக்கணக்கில் சேர்த்து, அமெரிக்காவின் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுத்தவர்கள். 2008-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் அந்நாட்டின் 50 மாநிலங்களுக்கும் ஐம்பது ஐம்பதாக 2,500 படைப்புகள் போயின.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பியதும், திரும்பி வந்த 22 படங்கள் இருந்த உறையைத் தன் அறைக்கு எடுத்துப் போனாள். மறுநாள் அந்தச் செருப்புப் பெட்டியையும் கேட்டாள்.