ரி.எம்.எஸ்ஸும் டி.எம்.எஸ்ஸும் ஒரே ஆள்தான்

அம்மா கேட்டது லேசான கேள்வி. “தம்பி, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில சுசீலா தனியப் பாடின பாட்டுகளை மட்டும் உதில எடுக்கலாமோ?”

‘உது’ என்று அவ காட்டியது டிவிக்குக் கீழே இருக்கிற சின்னப் பெட்டியை. ராஸ்பெரி பை என்ற கையளவு கணினி. அதோடு ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். அதற்குள் 11,400 பாட்டு. சீடியிலிருந்து எடுத்தது, கசெற்றிலிருந்து ஏற்றியது, கூட்டாளிமார் பென் டிரைவில் கொண்டுவந்து கொட்டியது எல்லாம் சேர்த்துத்தான். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவரையும் இந்தப் பெட்டியைக் காட்டாமல் நான் அனுப்பியதில்லை.

பத்து நிமிஷம் போனை நோண்டினேன். சுசீலாவைத் தட்டினால் 640 பாட்டு. இசையமைப்பாளர் பகுதியைத் தட்டினால் வெறும் திரை. “சரி விடு, ரேடியோவைப் போடு” என்றுவிட்டு அம்மா முருங்கையிலை உருவப் போய்விட்டா.

கணக்காய்வு வேலை பார்க்கிறவன் நான். களஞ்சியத்தில் சாமான் இருக்கிறது, ஏட்டில் இல்லை என்றால் அதை என்னவென்று எழுதுவோம் என்று எனக்குத் தெரியும். அன்று இரவு நித்திரை வரவில்லை.

சத்தத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் சொல்ல அதிகமில்லை. ராஸ்பெரி பையின் ஹெட்போன் ஓட்டையில் நேராக வயரைக் குத்திக் கேட்டால் சுகமில்லை. மச்சான் லண்டனிலிருந்து வரும்போது கொண்டுவந்த யூஎஸ்பி டாக் ஒன்றை, அதாவது கோப்பிலுள்ள எண்களை ஒலியாக மாற்றும் சின்னக் கருவியை, போட்டதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எப்போதோ வாங்கிய அம்ப், அதே பழைய ஸ்பீக்கர். வைஃபையில் பாட்டு இடைக்கிடை விக்கியது. பிளாட்டுக்குள் நின்று போனில் பார்த்தால் அக்கம்பக்கத்து ரவுட்டர் பெயர்கள் 27 வரிசையாக நிற்கின்றன, விக்காமல் என்ன செய்யும்? சுவரோரமாக ஒரு லான் வயர் இழுத்தேன், விக்கல் நின்றது. மென்பொருளை மாற்றினால் குரல் இனிமையாகும் என்று சொல்கிறவர்களோடு மல்லுக்கட்ட நான் தயாரில்லை. தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்பில் உள்ள தரவு ஒரு பிட் மாறாமல் டாக்குக்குப் போய்ச் சேர்ந்தால், எந்த மென்பொருள் அனுப்பினாலும் அது ஒன்றுதான்.

அப்படியென்றால் மென்பொருள் எதற்கு? எடுத்துத் தருவதற்கு.

ரூன் என்ற பாட்டு மென்பொருளை இலவசத் தவணையில் பாவித்துப் பார்த்தேன். அழகென்றால் அப்படியொரு அழகு. ஆனால் சந்தாவை டொலரில் கட்ட வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350க்கு மேலே பாய்ந்ததைக் கண்ணால் கண்டவனுக்கு, பாட்டுக் கேட்க டொலர் சந்தா என்றால் கை நடுங்கும். கடைசியில் பிடித்துக்கொண்டது லிரியன் மியூசிக் சேவர் என்ற மென்பொருளை. இது பழைய ஆள். ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்னக் கம்பனி ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற கருவிக்காகச் செய்தது. 2006 இல் லொஜிடெக் அந்தக் கம்பனியை வாங்கியது, 2012 இல் கருவியைக் கைவிட்டது. மென்பொருளை மட்டும் பாவனையாளர்கள் விடவில்லை, தாங்களே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 2024 இல்தான் இந்தப் புதுப் பெயர். காசு கேட்காது.

நான் இதை எடுத்ததற்கு இன்னொரு காரணம் கரண்ட். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் முன்பிருந்த பெட்டியின் மெமரி கார்ட் இரண்டு தரம் செத்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்ட் குழம்பிவிடும். லிரியனோடு பைகோர்பிளேயர் என்ற இயங்குதளத்தைப் போட்டால் அது தொடங்கும்போதே முழுவதையும் ராம் என்ற தற்காலிக நினைவகத்துக்குள் ஏற்றிவிடுகிறது. பிறகு கார்டை அநேகமாகத் தொடுவதில்லை. சட்டென்று பிளக்கை இழுத்தாலும் பயமில்லை. கொழும்புக்கென்றே செய்த மாதிரி.

இதெல்லாம் ஒரு கிழமை வேலை. டேக், அதாவது பாட்டுக் கோப்புக்குள் பாடகர், படம் என்று எழுதிவைக்கும் விபரம், அந்த வேலைக்குப் பத்து மாதம் போனது.

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாட்டு எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். கே.எஸ். ராஜாவோ பி.எச். அப்துல் ஹமீதோ பாட்டைப் போடுமுன் படம், பாடலாசிரியர், இசை, பாடியவர்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். அந்த நாலு விபரமும் சேர்ந்துதான் அம்மாவுக்கு ஒரு பாட்டு. இந்த மென்பொருள்களோ வெள்ளைக்காரன் பாட்டுக்காகச் செய்தவை. ஒரு பாடகர், அவருடைய அல்பம், அல்பத்துக்குள் பாட்டு, அவ்வளவுதான் அவற்றின் உலகம். நம்முடைய படமொன்றில் ஆறு பாட்டுக்கு ஐந்து பாடகர் இருப்பார்கள். நான் வேறு ஆரம்பத்தில் பாடகர் வாரியாக ஃபோல்டர் போட்டு வைத்திருந்தேன். பாடகர் வேறு, ஃபோல்டர் வேறு, ஆகவே அல்பமும் வேறு என்று சேவர் முடிவுகட்டி ஒரே படத்தை ஐந்து துண்டாகக் காட்டியது. அது அதன் பிழையில்லை.

வழி இதுதான். ஒரு படம், ஒரு ஃபோல்டர். ‘அல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற பெட்டியில் பாடகரைப் போடாமல் இசையமைப்பாளரைப் போட வேண்டும். ‘கம்போசர்’ பெட்டியிலும் அவரே. ‘ஆர்ட்டிஸ்ட்’ பெட்டியில்தான் பாடியவர்கள், ஒவ்வொருவருக்கும் நடுவில் அரைப்புள்ளி. அமைப்புக்குள் போய் அரைப்புள்ளி வந்தால் ஆளைப் பிரி என்று சொல்லிவிட்டால், சோடிப்பாட்டு இரண்டு பேருடைய பட்டியலிலும் வரும். விஸ்வநாதன் – ராமமூர்த்தியையும் இரண்டு ஆளாகத்தான் எழுதினேன். 1965 இல் பிரிந்து போனவர்களை ஒரே பெயராக ஒட்டிவைத்தால், பிரிந்த பிறகு வந்த விஸ்வநாதன் பாட்டு எல்லாம் மூன்றாவது ஆள் ஒருவர் போட்ட மாதிரித் தனியே போய் நிற்கும். ஒரே பெயரில் முப்பது வருஷ இடைவெளியில் இரண்டு படம் வந்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டையும் போட வேண்டும்.

இனிப் பெயர்கள். என்னிடம் ஒரே ஆள் பல பேராக இருந்தார். இங்கே நாங்கள் ‘ரி.எம்.சௌந்தரராஜன்’ என்று எழுதுவோம். இந்தியாவில் ‘டி’. அதற்குப் பிறகு சௌந்தர்ராஜன், சௌந்தரராசன், புள்ளிக்குப் பிறகு இடம் விட்டது, விடாதது, வெறும் டி.எம்.எஸ், ஆங்கிலத்தில் இரண்டு விதம். கொம்பியூட்டருக்கு ஒரு புள்ளி தள்ளியிருந்தாலும் வேற்றாள். எம்பி3டேக் என்ற மென்பொருளில் பெயர் வாரியாக அடுக்கிவிட்டு, ஒவ்வொரு கூட்டத்தையும் மொத்தமாகத் தெரிவுசெய்து ஒரே எழுத்துக்கு மாற்றினேன். ‘ரி’யா ‘டி’யா என்று வீட்டில் விவாதமே நடந்தது. “எங்கட வீட்டில ரி தான்” என்று அம்மா தீர்ப்புச் சொன்னா. இணையத்திலிருந்து வரும் விபரமெல்லாம் டி என்றே வருவதால் ஒவ்வொரு தரமும் திருத்த வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

அதைவிடக் கொடுமை பாமினி. யாழ்ப்பாணத்துக் கூட்டாளி ஒருவன் தந்த 900 பாட்டுக்குப் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. பாமினி எழுத்துரு ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தது. அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ். டேக்குக்குள் எழுத்துரு என்று ஒன்று கிடையாது. எம்பி3டேக்கிலிருந்து பெயர்களை ஒரு கோப்பாக வெளியே எடுத்து, பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டு, திரும்ப உள்ளே இறக்கினேன். அருமையாக வந்தது என்று சந்தோஷப்பட்டு முடியவில்லை, அவன் சில பெயர்களை உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது தெரியவந்தது. மாற்றி அவற்றையும் விடவில்லை. எஸ். ஜானகி ‘ளு’வில் தொடங்கும் ஏதோவொன்றாகி நின்றா. அந்தப் 130ஐயும் கையால் அடித்தேன்.

ஒரு மடத்தனத்தையும் சொல்ல வேண்டும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்று ஒன்று இருக்கிறது. பாட்டின் ஒலியிலிருந்து கைரேகை மாதிரி ஒன்றை எடுத்து, தன்னார்வலர்கள் தொகுத்த பெரிய தரவுத்தளத்தில் ஒப்பிட்டு, இன்ன பாட்டு என்று சொல்லும். நல்ல சாமான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழு ஹார்ட் டிஸ்க்கையும் அதற்குள் இழுத்துப் போட்டு, வந்ததைப் பார்க்காமலே ‘சேமி’யை அழுத்தினேன். பாட்டைச் சரியாகத்தான் அடையாளம் கண்டது. ஆனால் ஒரே பாட்டு படத்தின் இசைத்தட்டிலும் இருக்கும், பத்துத் தொகுப்புகளிலும் இருக்கும். எது என் கையிலிருப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்? அறுபதுகளின் படங்களெல்லாம் சிதறி ‘பொன்னான பாடல்கள்’, ‘காதல் கீதங்கள்’ என்று புதுப் பெயர்களில் நின்றன. மூன்று மாத வேலை நாலு மணித்தியாலத்தில் போனது.

நகல் ஒன்று தெஹிவளையில் அக்கா வீட்டு அலுமாரியில் இருந்தது. 100 ஆம் இலக்க பஸ்ஸில் போய் எடுத்துவந்தேன். அக்கா கேட்டா, “பாட்டுக்காக உந்த வெயிலுக்க வந்தனியோ?” ஓம் என்றேன். இப்போது பிகார்ட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டர் மட்டும்தான் காட்டுவது.

கர்நாடக சங்கீதத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் வேறு கணக்கு. அப்பாவின் கசெற்றுகள் 140. எழுபது, எண்பதுகளில் ஊரில் ‘றெக்கோடிங் பார்’ என்று கடைகள் இருந்தன, பட்டியல் எழுதிக் கொடுத்தால் 90 நிமிஷக் கசெற்றில் அடித்துத் தருவார்கள். அவற்றின் உறையில் அப்பா எழுதியிருப்பது பாடகர் பெயரை இல்லை, இராகத்தை. நாதஸ்வரக் கசெற்றுகளில் என்.கே. பத்மநாதனுக்கு மேலே, பெரிய எழுத்தில், தவில் தெட்சணாமூர்த்தி! தவிலுக்காகத்தான் வாங்கியிருக்கிறார். சேவரில் இராகத்துக்கென்று பெட்டி இல்லை. பாட்டு வகையை எழுதும் ‘ஜானர்’ என்ற பெட்டி சும்மா கிடந்தது, பாதிப் பாட்டுக்கு அதில் ‘வேர்ல்ட்’ என்று எழுதியிருந்தது. யாருடைய வேர்ல்ட் என்று தெரியவில்லை. அதை அழித்துவிட்டு இராகத்தைப் போட்டேன். இப்போது ஜானரைத் திறந்தால் ஆனந்தபைரவி, கல்யாணி, காம்போதி, தோடி என்று வரிசையாக வருகிறது. தோடியைத் தட்டினால் பாடகர், நாதஸ்வரம், வீணை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அப்பாவின் உறைகள் அடுக்கியிருந்த அதே ஒழுங்கு. அதே பெட்டிக்குள் படப்பாட்டுக்கு ‘தனி’, ‘சோடி’ என்றும் சேர்த்து எழுதினேன்.

கசெற்றை ஏற்றுவதற்குக் குறுக்கு வழி கிடையாது. 90 நிமிஷக் கசெற்றுக்கு 90 நிமிஷம். கடற்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதற்கு முதல் துடைப்பு வேலை. இதுவரை 63 முடிந்தது.

இன்னொன்று, கேட்டால் சின்ன விஷயம். பழைய பாட்டு மெல்லமாக இருக்கும், அடுத்து வரும் புதுப் பாட்டு செவியில் அறையும். இரவில் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டுவார். ரீப்ளேகெயின் என்ற அளவீட்டை ஃபூபார்2000 என்ற மென்பொருளில் ஓட்டினால், ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு உரத்தது என்று அளந்து டேக்கில் ஒரு எண்ணை எழுதிவைக்கிறது. பாட்டின் ஒலியில் கை வைப்பதில்லை. போடும்போது சேவர் அந்த எண்ணைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறது. கீழ்வீட்டுக்காரர் இப்போது படியில் கண்டால் சிரிக்கிறார்.

போன சனிக்கிழமை பின்னேரம் அம்மாவைக் கூப்பிட்டு இருத்தி, தேடலில் விஸ்வநாதன், ராமமூர்த்தி, சுசீலா, தனி என்று அடித்தேன். 41 பாட்டு வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தா. முழுதும் பார்த்துவிட்டு, “பாடலாசிரியர் எங்க?” என்று கேட்டா.

அதையும் போடத் தொடங்கியிருக்கிறேன். நேற்று இன்னொன்று கேட்டா. வானொலியில் விரும்பிக் கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் வாசிப்பார்களே, அதற்கும் இதில் இடம் இருக்கிறதோ என்று. ‘கொமென்ட்’ என்று ஒரு பெட்டி காலியாகத்தான் கிடக்கிறது. திறந்து வைத்துக்கொண்டு சொல்லுங்கோ என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகச் சொன்னா:

“விரும்பிக் கேட்டவர், கொக்குவிலிலிருந்து சின்னக்கா.”