41 பொருள்களின் பட்டியலில் மிஞ்சிய 14

எங்கள் மகள், மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதிக்கு மூன்று வாரங்கள் முன்பாகவே பிறந்துவிட்டாள். கடைசி மாதத்தில் நிதானமாக வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் மனைவியும் சேர்ந்து எழுதிவைத்த 41 பொருள்களின் பட்டியல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியபடியே இருந்தது; அதில் ஒன்றுகூட வாங்கியிருக்கவில்லை. தாயும் சேயும் மருத்துவமனையில் இருந்த இரண்டு நாள்களுக்குள் வீட்டைத் தயார் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பட்டியலைக் கிழித்தெடுத்துக்கொண்டு கடைக்கு ஓடிய எனக்கு ஆராய்ந்து வாங்க அவகாசம் இல்லை. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன்: இது இல்லாவிட்டால் இன்று இரவு என்ன ஆகும்? அந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடித்தவை 14 பொருள்கள். மகளுக்கு இப்போது நான்கு மாதம் முடிந்துவிட்டது. விடுபட்ட 27 பொருள்களில் பிறகு தேவைப்பட்டு வாங்கியவை மூன்றோ நான்கோதான்.

பிறந்த குழந்தையின் ஒரு நாளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். அது 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கிறது. ஏறத்தாழ 14 முதல் 17 மணி நேரம், துண்டு துண்டாகத் தூங்குகிறது. இடையில் சிறுநீரும் மலமும் கழிக்கிறது, குடித்த பாலில் கொஞ்சம் கக்குகிறது. அதன் உலகம் அவ்வளவுதான். எங்கள் பட்டியலின் பிழை அதன் நீளம் மட்டுமன்று. வகைக்கு ஒன்றாக 41 வகைகளை எழுதியிருந்தோம். உண்மையில் வேண்டியிருந்ததோ நான்கைந்து வகைகளில் இருபது இருபதாக.

அந்த இருபதுகளில் முதலிடம் துணிகளுக்கு. துடைக்க, விரிக்க, தோளில் போட, கக்கியதை ஏந்த, பால் கசிந்தால் ஒற்றியெடுக்க என்று மெல்லிய பருத்தித் துணி ஒன்றே ஐந்து வேலை செய்யும். கடைக்காரர் இந்த ஐந்துக்கும் தனித்தனிப் பெயர் சொல்லித் தனித்தனி அட்டைப்பெட்டிகளை எடுத்துவைத்தார். நான் ஒரே அளவில் 20 துணிகள் வாங்கினேன். முதல் வாரத்திலேயே அது போதாமல் இன்னும் பத்து வாங்கும்படி ஆயிற்று. புதுத் துணி எதுவானாலும் வாசனை சேர்க்காத சோப்பில் ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகே குழந்தையின் மேல் பட வேண்டும். கஞ்சி போட்ட மொடமொடப்பு அந்தத் தோலுக்கு ஆகாது.

டயப்பர் நாளொன்றுக்குப் பத்துக்குக் குறையாமல் ஆகும். துணி நாப்பிதான் என்று முடிவு செய்பவர்கள் இரண்டு டஜனுக்குக் குறைவாக வைத்துக்கொண்டால், காயப்போட்டது காய்வதற்குள் கையில் இருப்பது தீர்ந்துவிடும். ஒருமுறை பயன்படுத்தும் டயப்பர் என்றால் மிகச் சிறிய அளவில் ஒரே ஒரு பொட்டலம் போதும். சில குழந்தைகள் அந்த அளவை இரண்டு வாரத்தில் தாண்டிவிடும். முதல் இரண்டு மூன்று நாள்களில் வெளியேறும் மலம் கறுப்பாக, தார்போலப் பிசுபிசுவென்று இருக்கும். முதன்முறை அதைத் துடைக்க முயன்றபோது பஞ்சு தோலோடு ஒட்டிக்கொண்டு இழுபட்டது. மகள் வீறிட்டாள், நான் வியர்த்துப்போனேன். பார்த்துக்கொண்டிருந்த செவிலியர், அடுத்த முறை டயப்பர் கட்டுவதற்கு முன் சுத்தமான தோலில் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவிவிடச் சொன்னார். அதன் பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. தோல் சிவந்தால் பூசுவதற்கு ஜிங்க் ஆக்சைடு கலந்த களிம்பு ஒன்று இருக்கட்டும். முகப்பவுடர் போன்ற தூள் எதுவும் வேண்டாம். காற்றில் எழும் தூசி குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். டயப்பர் மாற்றுவதற்கென்று விற்கும் மேசையையும் நான் வாங்கவில்லை. நீர் ஊடுருவாத விரிப்பைத் தரையில் போட்டு மாற்றினால் குழந்தை உருண்டு விழ இடமே இல்லை.

உடைகளைப் பொறுத்தவரை, முன்பக்கம் திறந்து மூடும் ஏழெட்டுச் சட்டைகள் போதும். தலைவழியாக மாட்டும் உடை, தலை நில்லாத குழந்தைக்கும் கை நடுங்கும் புதுத் தகப்பனுக்கும் ஒருங்கே சோதனை. பிறக்கும்போது எங்கள் மகள் 2.6 கிலோ, மிகச் சிறிய அளவு என்று வாங்கிய உடைக்குள் அவளைத் தேட வேண்டியிருந்தது. ஆனால் மூன்றரை, நான்கு கிலோவில் பிறக்கும் குழந்தைக்கு அதே உடை சில வாரங்களில் இறுக்கமாகிவிடும். பிறப்பதற்கு முன் எடை தெரியாது என்பதால், இரண்டு அளவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அந்த இடத்தின் குளிருக்குப் பெரியவர் எத்தனை அடுக்கு உடுத்துகிறாரோ அதைவிட ஓர் அடுக்குக் கூடுதலாக இருந்தால் குழந்தைக்குப் போதும். கையும் காலும் சில்லிட்டிருப்பது இந்த வயதில் இயல்பு. ஆகையால் மார்பையோ பின்கழுத்தையோ தொட்டுப் பார்த்துத்தான் சூடா குளிரா என்று சொல்ல வேண்டும்.

கதகதப்பு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் செங்குத்தாகக் கட்டிவைத்துப் பராமரிக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்று உலகம் முழுவதும் வழங்குவது அதுதான். தகப்பனின் மார்பும் இதற்குப் பயன்படும் என்பதை எனக்கு மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கு வேண்டியதெல்லாம் முன்பக்கம் திறக்கும் சட்டை ஒன்றும், குழந்தையின் முதுகை மூட ஒரு போர்வையும், தூங்கிவிடாமல் விழித்திருக்கும் ஒரு பெரியவரும்தான்.

தூங்கும் இடத்தில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. நேரத்தையும் கணக்குப் பார்க்கவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, எவையெல்லாம் இருக்கக் கூடாது என்பதுதான். தட்டையான, அழுத்தினால் குழியாத மெத்தை, அதன்மேல் இறுக்கமாக இழுத்துச் செருகிய ஒரே விரிப்பு, மல்லாந்து படுத்த குழந்தை: இத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தலையணை, திண்டு, கனத்த போர்வை, பஞ்சுப் பொம்மை, தொட்டிலின் ஓரங்களில் கட்டும் மெத்தைத் தடுப்பு ஆகிய எதுவும் உள்ளே கூடாது. அமெரிக்காவில் குழந்தைகளை மல்லாந்து படுக்கவைக்கச் சொல்லும் இயக்கம் 1994-இல் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நிகழும் சிசு மரணங்களின் விகிதம் பாதிக்கும் கீழே குறைந்தது. அதே நாட்டில் 2022-இல் இயற்றிய ஒரு சட்டம், அந்த மெத்தைத் தடுப்புகளையும் சாய்வான தூக்க இருக்கைகளையும் விற்கக் கூடாது என்று தடை செய்தது. இதையெல்லாம் படித்துவிட்டுப் போன நான், கடையில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அடுக்கியிருக்கக் கண்டவை தலையணையும் திண்டும் தடுப்பும் சேர்ந்த அழகான தொகுப்புகளே. அன்பளிப்பாகவும் எங்களுக்கு அப்படி ஒன்று வந்தது. அதைக் கொடுத்தவரின் மனம் நோகாமல் அலமாரியில் வைத்திருக்கிறோம். தொட்டில் எங்கள் கட்டிலை ஒட்டி, மனைவி கை நீட்டினால் எட்டும் தொலைவில் இருக்கிறது. முதல் ஆறு மாதங்களாவது குழந்தை பெற்றோரின் அறையில், ஆனால் தனக்கான தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது.

பால் விஷயத்தில் தாய்க்கு வேண்டியவற்றைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். எங்கள் பட்டியலில் தாய்க்கென்று ஒரு வரிகூட இல்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிரசவத்திற்குப் பின் உதிரப்போக்கு ஆறு வாரங்கள் வரைகூட நீடிக்கலாம். அதற்கு நன்றாக உறிஞ்சும் பெரிய நாப்கின்கள் வீட்டில் தயாராக இருக்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் இரவு உடைகள், பால் கசிவுக்கான பட்டைகள், முதுகைத் தாங்க இரண்டு தலையணைகள், ஒரே கையால் திறக்கக்கூடிய தண்ணீர்ப் புட்டி ஆகியவையும் சேர வேண்டும். குழந்தை வாய் வைத்த நிமிடத்திலேயே தாய்க்குத் தாகம் எடுக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் அடுத்த அறையில் இருந்தால் அதை எடுத்து வரும் ஆள் விழித்திருக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான், பெரும்பாலும் விழித்திருக்கவில்லை.

பால் பிழியும் கருவியை முன்கூட்டியே வாங்க வேண்டிய அவசியமில்லை. பால் கட்டிக்கொண்டாலோ குழந்தை பற்றிக் குடிக்கச் சிரமப்பட்டாலோ அப்போது வாங்கிக்கொள்ளலாம். பிழிந்த பால் 25 டிகிரி செல்சியஸுக்கு மிகாத அறையில் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியின் உட்பக்கத்தில் 4 நாள்களும் இருக்கும். புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால் ஒரு புட்டியோடு காலம் தள்ள முடியாது. நான்கைந்து புட்டிகளும் அவற்றைக் கொதிக்கவைக்கத் தனிப் பாத்திரமும் புட்டி கழுவும் தூரிகையும் வேண்டும். பால்மாவை, கொதிக்கவைத்து 70 டிகிரிக்குக் கீழே ஆறிவிடாத நீரில் கலந்து, பிறகு குளிரவைத்துக் கொடுக்க வேண்டும். டப்பாவில் சொன்ன அளவைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

குளியலுக்கு அவசரப்பட வேண்டாம். பிறந்து 24 மணி நேரமாவது கழிந்த பிறகே குளிப்பாட்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தொப்புள்கொடி உதிரும்வரை ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே போதுமானது. அதற்கு ஒரு கிண்ணமும் இரண்டு மென்மையான துண்டுகளும் தவிர வேறொன்றும் தேவைப்படாது. அந்தக் கொடியின் எச்சம் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் காய்ந்து தானே விழுந்துவிடும். அதைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்து, டயப்பரின் மேல்விளிம்பை அதற்குக் கீழே மடித்துவிட வேண்டும். இழுத்துப் பார்க்கக் கூடாது. எங்கள் மகளுக்கு ஒன்பதாம் நாள் காலையில் டயப்பரின் மடிப்பில் உலர்ந்த திராட்சை போல ஏதோ கிடந்தது. என்னவென்று புரியாமல் விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் தொப்புளைக் கவனித்தேன்.

மருந்துப் பெட்டியில் வைக்க வேண்டியவை மிகக் குறைவு. டிஜிட்டல் தெர்மாமீட்டர், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, நகத்தைத் தேய்க்கும் மெல்லிய அரம், மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் வைட்டமின் டி சொட்டு மருந்து. காய்ச்சல் மருந்தை முன்னெச்சரிக்கையாக வாங்கி வைத்திருந்தாலும், இந்த வயதில் மருத்துவரைக் கேட்காமல் அதைக் கொடுக்கக் கூடாது.

தெர்மாமீட்டரை வாங்கியதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் இரவு இரண்டரை மணிக்கு மகளின் உடல் கொதிப்பதுபோல் இருந்தது. பெட்டியைப் பிரித்துக் கருவியை அழுத்தினேன், திரை எரியவில்லை. பேட்டரிக்கு நடுவே செருகியிருந்த பிளாஸ்டிக் துணுக்கை உருவ வேண்டும் என்பதைச் செல்பேசி வெளிச்சத்தில் குறிப்புச் சீட்டைப் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் பத்து நிமிடம் போயிற்று. அக்குளில் வைத்தபோது 99.9 என்று காட்டியது. அது பாரன்ஹீட் என்பதும், செல்சியஸில் ஏறத்தாழ 37.7 என்பதும் அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. மனைவி எழுந்து பார்த்து, அவளைச் சுற்றி நான் போர்த்தியிருந்த இரண்டு போர்வைகளையும் எடுத்துவிட்டாள். இருபது நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோது செல்சியஸுக்கு மாற்றிய கருவி 37.1 காட்டியது. அக்குளில் 36.5 முதல் 37.5 வரை இயல்பு. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடல் சில்லிட்டுப்போய், கதகதப்பூட்டியும் ஏறாவிட்டாலும் அப்படித்தான். கருவி வாங்கிய அன்றே பிரித்து, உங்கள் அக்குளில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

காரில் அழைத்துவருவதாக இருந்தால் பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கை முதல் பயணத்திற்கே தேவை. அதை முன்னதாகவே பொருத்திப் பழகிக்கொள்ள வேண்டும். உறவினரின் பழைய உடைகளைத் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விபத்தில் சிக்கியதா என்று தெரியாத பழைய கார் இருக்கையையும், திருகு கழன்று ஆடும் பழைய தொட்டிலையும் வாங்கக் கூடாது.

பட்டியலில் இல்லாமல் நானாகச் சேர்த்தவை மங்கலான இரவு விளக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும். எத்தனை மணிக்குக் குடித்தாள், எத்தனை முறை டயப்பர் நனைந்தது என்பதை அதில் குறித்தோம். ஐந்தாம் நாளிலிருந்து நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு முறையாவது டயப்பர் நன்றாக நனைந்தால் பால் போதுமான அளவு சேர்கிறது என்று கொள்ளலாம். பிறந்த எடையில் முதல் நாள்களில் சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்திற்குள் மீள்வது வழக்கம் என்பதால் எடைகளையும் அதிலேயே எழுதினோம்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பழைய பட்டியல் இருந்த இடத்தில் இப்போது வேறொரு தாள் இருக்கிறது. குழந்தை மருத்துவரின் எண், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண், மகளின் கடைசி எடை, அதற்குக் கீழே சிவப்பு மையில் 38.