போர்டிகோவின் வாட்டமும் எஸ்டீமின் கேம்பரும்

மூன்று வாரமாக ரேஸுக்குத் தயார் செய்யும் என் மாருதி எஸ்டீம் காரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி எங்கள் வீட்டுப் போர்டிகோ. இதைக் கண்டுபிடிக்க ஆன செலவு ஒரு ஜோடி முன் டயர், இரண்டு விட்ரிஃபைட் டைல்ஸ், மேஸ்திரி அண்ணனுக்கு ஒரு டீ, இரண்டு உளுந்து வடை.

வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் ரோல் கேஜ், பக்கெட் சீட்டு, பெல்ட் எல்லாம் முடிந்துவிட்டது. இஞ்சினில் கை வைக்கவில்லை. 1298 சிசி, 16 வால்வு, கம்பெனி கொடுத்த 85 குதிரைசக்தி, அதில் இன்று எத்தனை குதிரை உயிரோடு இருக்கிறதோ அத்தனை. இன்னும் இரண்டு வாரத்தில் எங்கள் கோவையின் ரேஸ் டிராக்கான கரி ஸ்பீட்வேயில் கிளப் ரேஸ். வீட்டிலிருந்து கிளம்பினால் செட்டிபாளையம் ரோட்டில் ஒரு கியர் மாற்றுவதற்குள் வந்துவிடும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பிராக்டிஸ் நாளில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே சத்தம் கேட்கும். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வண்டி சரியில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது. பால்காரரே நாள் கேட்டு வைத்திருக்கிறார்.

போன மாதம் பிராக்டிஸுக்குப் போனபோதுதான் தொந்தரவு ஆரம்பித்தது. வலது வளைவில் வண்டி கத்தி மாதிரி உள்ளே போகிறது. இடது வளைவில் சந்தைக்குப் போக மறுக்கும் மாடு. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு வெளியேதான் போகும். டிராக்கின் நேர்ப்பகுதியில் கையை விட்டால் வலது பக்கம் இழுக்கிறது. பிட்டுக்கு வந்து டயரைத் தடவிப் பார்த்தேன். வலது முன் டயரின் வெளி விளிம்பை அரம் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. இடது டயரில் உள் விளிம்பு மட்டும் கொதித்தது, வெளி விளிம்பில் கை வைக்க முடிந்தது.

இத்தனைக்கும் இரண்டு நாள் முன்புதான் கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்தை, நானே வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் மைனஸ் 2 டிகிரி (மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும்). வீல் அலைன்மென்ட் கடையில் செய்திருக்கலாமே என்பீர்கள். முன்பு ஒரு கடையில் கொடுத்தேன். மைனஸ் 2 என்றதும் அந்தப் பையன், ‘டயர் தேஞ்சிருங்ணா’ என்றான். சரி, ரேஸ் வண்டி தம்பி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் திரையில் கம்பெனி அளவைக் காட்டும் பச்சைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்திருந்தான். நல்ல மனசு. ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல.

அதனால் வீட்டிலேயே தூக்குக்குண்டு. ஃபெண்டரில் டேப் போட்டு நூலை ஒட்டி, டயரின் வயிற்றில் படாமல் தள்ளித் தொங்கவிட வேண்டும். ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, கீழ் விளிம்புக்கு உள்ளதைக் கழிக்க வேண்டும். 13 அங்குல ரிம்மில் விளிம்புக்கு விளிம்பு கிட்டத்தட்ட 350 மில்லி வரும், ஆக 6 மில்லி வித்தியாசம் என்றால் ஒரு டிகிரி. எனக்கு வேண்டியது 12 மில்லி. குண்டு ஆடிக்கொண்டே இருந்தால் அதைப் பழைய இஞ்சின் ஆயில் இருக்கும் டப்பாவில் மூழ்கித் தொங்கும்படி விடுங்கள், அரை நிமிடத்தில் அடங்கிவிடும். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்கக் கூடாது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி உட்காரவைக்காமல் ஒருமுறை அளந்து ஒரு மணி நேரம் வீணடித்தேன். டிரைவர் சீட்டில் என் எடைக்கு இரண்டு 25 கிலோ அரிசி மூட்டை, ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேன். மூட்டைக்குப் பெல்ட் போட்டு வைத்திருந்ததைப் பார்த்து அம்மா, ‘சாயங்காலத்துக்குள்ள ஒண்ணை எறக்கிரு, சோறாக்கோணும்’ என்றார்.

பிராக்டிஸ் முடிந்து வந்து மறுபடி அளந்தேன். இடது 12, வலது 12. கொஞ்சமும் மாறவில்லை. வீல் பேரிங்கை ஆட்டிப் பார்த்தேன், லோயர் ஆர்ம் புஷ்ஷை நெம்பிப் பார்த்தேன், டயர்களைப் பக்கம் மாற்றினேன். மாற்றியதில் நடந்தது ஒன்றுதான், நன்றாக இருந்த விளிம்புகளும் தேய்ந்தன. இதில் இன்னொரு கூத்து, போத்தனூர் வரை சாதாரண ரோட்டில் ஓட்டினால் வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. டிராக்கில் மட்டும்தான் வலது இழுவை.

அடுத்த வீட்டில் காம்பவுண்டு சுவர் வேலை நடக்கிறது. அங்கே வேலை செய்யும் மேஸ்திரி அண்ணன் மூன்று நாளாக நான் தூக்குக்குண்டோடு வண்டியைச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் தாங்காமல் உள்ளே வந்துவிட்டார்.

“ஏனுங்க தம்பி, வண்டிக்குத் தூக்கு பாக்கறீங்க. தரைக்கு மட்டம் பாத்தீங்களா?”

“தரை சிமென்ட் தளம்தானுங்கண்ணா, மட்டமாத்தான் இருக்கு.”

“வாட்டம் குடுக்காம எந்தக் கொத்தனாருங்க போர்டிகோ போடுவான்? மழைத்தண்ணி ஊட்டுக்குள்ள வந்துருமுங்கல்ல.”

எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. அவர் போய் மட்டக்குழாயை எடுத்து வந்தார். ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர், அவ்வளவுதான் கருவி. டியூபைத் தலைக்கு மேலே பிடித்து ஆள்காட்டி விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழிகளை வெளியேற்றினார். ஒரு குமிழி உள்ளே நின்றாலும் மட்டம் பொய் சொல்லும் என்றார். முன் சக்கரங்கள் நிற்கும் இரண்டு இடத்திலும் பிடித்துப் பார்த்ததில் இடது பக்கம் 14 மில்லி கீழே இருந்தது. பின்னால் 12 மில்லி. சாக்கடைக்குத் தண்ணீர் ஓட எங்கள் அப்பா 1998-ல் நின்று கண்காணித்துப் போடச் சொன்ன தளம். நீளவாக்கில் வாட்டம் அநேகமாக இல்லை.

இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே 1365 மில்லி. அதில் 14 மில்லி சரிவு என்றால் அரை டிகிரிக்கு மேலே. வண்டி முழுக்க இடது பக்கம் சாய்ந்து நின்றிருக்கிறது. தூக்குக்குண்டோ பூமிக்கு நேராகத் தொங்குகிறது. நான் இரண்டு பக்கமும் 12 வரும்வரை திருகியிருக்கிறேன். அப்படியானால் நிஜ மட்டத்தில் இடது 15.5, வலது 8.5. டிகிரியில் சொன்னால் மைனஸ் 2.6, மைனஸ் 1.4. இடது வளைவில் பாரம் தாங்குவது வலது டயர், அதற்குத்தான் கேம்பர் பற்றவில்லை. இழுவையும் அதேதான், கேம்பர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். நம் ரோடுகள் நடுவில் உயர்ந்து இடது ஓரம் தாழ்ந்திருப்பதால் அந்தச் சரிவு வலது இழுவையைச் சாப்பிட்டுவிட்டது. போத்தனூர் ரோடு என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறது.

மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார். ரசமட்டம் சரியா என்று சந்தேகம் வந்தால் அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டுமாம். வண்டியையும் அப்படியே திருப்பி நிறுத்தினால் என்ன என்று தோன்றியது. ரிவர்ஸில் ஏற்றி அதே இடத்தில் நிறுத்தி அளந்தேன். இடது 19, வலது 5. பழைய 12-ஐயும் 19-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 15.5. வலது பக்கம் 12, 5, பாதி 8.5. குழாய் சொன்னதும் இதுவும் ஒட்டிவந்தபோது வந்த சந்தோஷம் லேப் டைமில்கூட வந்ததில்லை. மட்டக்குழாய் இல்லாதவர்கள் இதைச் செய்து பாருங்கள், சக்கரங்கள் அதே இடத்தில் நின்றால் தரையின் வாட்டம் தானாக அடிபட்டுப்போகும்.

அமெரிக்காவின் நாஸ்கார் கார் ரேஸ் பார்ப்பவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். ஓவல் டிராக்கில் இடது பக்கம் மட்டுமே திரும்புவதால் அவர்கள் வேண்டுமென்றே வலது முன் சக்கரத்தை உள்ளே சாய்த்து, இடது முன் சக்கரத்தை வெளியே சாய்த்து வைப்பார்கள். நான் செய்திருந்தது அதன் கண்ணாடிப் பிம்பம், வலது பக்கம் மட்டும் திரும்பும் நாஸ்கார். நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்கார் டிரக் சீரிஸில் முதல்முறையாக இறங்கி மார்ட்டின்ஸ்வில்லில் 13-வதாக வந்தார். அங்கே டிராக்கே அரை மைல் சொச்சம்தான். ஃபார்முலா ஒன் ஓட்டிய மனிதருக்கு அந்தக் கோணல் வண்டி முதல் லேப்பில் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். மட்டம் ஏற்ற முதலில் விட்ரிஃபைட் டைல்ஸ் துண்டுகளை அடுக்கினேன். அடியில் ஒரு மணல் பரல் கிடந்திருக்கிறது. சக்கரம் ஏறியதும் டப் என்று ஒன்று, அதை மாற்றினால் இன்னொன்று. அப்புறம் மேஸ்திரி தந்த 20 மில்லி கடப்பா கல் இடது பக்கம் இரண்டுக்கும், வலது முன்னால் 6 மில்லி ப்ளைவுட், பின்னால் அதே ப்ளைவுட்டுக்கு மேல் 2 மில்லி தகடு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் இரண்டு பாலிதீன் தாள், நடுவில் கிரீஸ். சக்கரம் தடையில்லாமல் திரும்ப அடியில் வைக்கும் டர்ன் பிளேட் வாங்கக் காசில்லாதவனின் டர்ன் பிளேட். சக்கரம் வெண்ணெயில் நிற்பதுபோல் சுழல்கிறது.

எஸ்டீமில் கம்பெனி கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் பிராக்கெட்டில் மேல் ஓட்டையை நீள்வட்டமாக்கியிருக்கிறேன். கையில் அரம் பிடித்து ராவாதீர்கள். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் மில்லிங்கில் போட்டு ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள், இரண்டு பக்கமும் அச்சு அசல். இந்த ஊரில் இருப்பதன் சுகம் இதுதான், எந்தக் கிறுக்குத்தனத்துக்கும் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு லேத்காரர் ‘எத்தனை பீஸுங்க?’ என்று மட்டும்தான் கேட்பார். டிராக் வளைவின் ஓரக் கெர்பில் ஏறினால் போல்ட் நழுவும் என்ற பயம் இருப்பதால் தடித்த வாஷர் வைத்து, இருக்கும் இடத்தைத் தங்கச்சியின் நெயில் பாலிஷால் கோடு போட்டிருக்கிறேன். கோடு உடைந்தால் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். இப்போது இரண்டு பக்கமும் 12. வண்டியைத் திருப்பி நிறுத்தியும் பார்த்துவிட்டேன், 12, 12.5. அந்த அரை மில்லியோடு நான் வாழ்ந்துகொள்வேன்.

ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடுக்கு எண்ட் விசாரிக்க உக்கடம் போனபோது ஒரு ஜோடி எஸ்டீம் பின் ஸ்ட்ரட் பார்த்தேன். ராடில் துரு இல்லை. வேண்டாம் என்று மனசு சொன்னது, கை வாங்கிவிட்டது. எஸ்டீம் தயாரிப்பு நின்றுபோய் இவ்வளவு வருடம் ஆன பிறகு நல்ல பாகம் கண்ணில் பட்டால் விட முடிவதில்லை. ரேஸுக்குப் பிறகு அதை வெட்டி உயரம் மாற்றும் வேலை. பிரேக் ஆயிலை ரேஸுக்கு முன்பே மாற்ற வேண்டும். இருப்பது டாட் 3 தரம். புதிதாக இருந்தாலே 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் குடித்துவிட்டால் 140 போதும். டாட் 4-க்கு அது 230-ம் 155-ம். நம் ஊர் மழைக்காலத்தில் ஒரு வருடம் கிடந்த ஆயில் எவ்வளவு குடித்திருக்கும் என்று யோசித்தாலே பெடல் காலடியில் இறங்குவதுபோல் இருக்கிறது.

டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, இன்னும் முடியவில்லை. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும், ஆகவே கடைசியில்தான் அதற்கு நூல் கட்ட வேண்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு அலுமினியச் சட்டம், இரண்டிலும் ஒரே தூரத்தில் வெட்டு, அதில் கொத்தனார் நைலான் நூல். இரண்டு நூலும் எப்போதும் இணையாகவே நிற்கும், வண்டிக்கு நடுப்பார்த்துச் சட்டத்தை நகர்த்தினால் போதும். என் வண்டியில் பின் சக்கரங்களின் இடைவெளி முன்னதைவிட 25 மில்லி குறைவு, எனவே பின் ஹப்பில் நூல் ஒவ்வொரு பக்கமும் 12.5 மில்லி கூடுதலாகத் தள்ளி நிற்க வேண்டும். நேற்று எல்லாம் கச்சிதமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டு வருவதற்குள் யாரோ நூலில் ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். யார் என்று விசாரிக்கவில்லை, சோறு போடுகிற கை அது.

மறுபடி வைத்து அளந்ததில் மொத்தம் 5 மில்லி டோ-அவுட், அதாவது மூக்கு வெளியே திரும்பி நிற்கிறது. எனக்கு வேண்டியது 2. இடது டை ராட் அரைச் சுற்றில் வந்துவிட்டது. வலது லாக் நட் அசையவே இல்லை. 17 ஸ்பேனருக்குப் பைப் மாட்டி ஏறி நின்றதில் நட்டின் முனைகள் உருள ஆரம்பித்துவிட்டன. துருநீக்கி ஆயில் அடித்து, துணி சுற்றி விட்டிருக்கிறேன். காலையில் பார்த்துவிட்டு, அசையாவிட்டால் கேஸ் வெல்டிங்காரரைக் கூப்பிட்டுச் சூடு காட்ட வேண்டியதுதான்.